சொந்த நிலத்து வேலைக்கு சைடு-பை-சைடு வண்டி வாங்கலாமா?

அமெரிக்காவில் ஐந்து, பத்து ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கும் பலருக்கும் வரும் கேள்வி இது. சைடு-பை-சைடு என்பது இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கார் போல ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் சிறிய வண்டி. பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு. 1988-ல் வந்த கவாஸாகி மியூல் இந்த வகையின் முன்னோடி.

பிக்கப் டிரக் இருக்கும்போது இது எதற்கு? எடைதான் காரணம். டிரக் இரண்டு டன்னைத் தாண்டும்; இது ஒரு டன்னுக்கும் குறைவு, டயரிலும் காற்று குறைவாகவே இருக்கும். மழையில் ஊறிய புல்தரையில் டிரக் புதைந்து உறுமும் இடத்தில், கம்பிச்சுருள், மரம் அறுக்கும் ரம்பம், நாலு கம்பம் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இது வேலி வரை போய்விடும். காரே இருந்தாலும் தோட்டத்துப் புல்கட்டுக்கு டிவிஎஸ் எக்ஸெல்லை எடுப்போமே, அதே கணக்குதான்.

சரி, விலை? புதிது பெரும்பாலும் பத்தாயிரம் டாலருக்கு மேல்தான். அதனால் ஒரு மாதம், வீட்டுக்கும் நிலத்துக்கும் எத்தனை நடை சுமந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். தினமும் விறகு, தீவனம், தண்ணீர் என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டு ஏக்கருக்குள் என்றால், புல்வெட்டும் டிராக்டருக்குப் பின்னால் ஒரு சின்ன இழுவண்டி மாட்டினாலே போதும் என்பேன்.

அப்புறம், கூண்டு இருப்பதால் சீட் பெல்ட் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெல்ட் போடாதவர் வண்டி கவிழும்போது வெளியே விழுந்து, அந்தக் கூண்டின் அடியிலேயே நசுங்கக்கூடும்.