சீனியும் வேண்டாம், செயற்கை இனிப்பும் வேண்டாம்: ஐஸ்க்ரீம் பற்றிச் சில கேள்விகள்

வெயில் ஏறினால் இந்த வகைக் கேள்விகளும் ஏறிவிடுகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பேலியோவில் (தானியமும் சீனியும் தவிர்க்கும் உணவுமுறை) இருக்கிறேன். சுக்ரலோஸ் மாதிரி செயற்கை இனிப்பு எதுவும் போடாத, மாவுச்சத்து குறைந்த ஐஸ்க்ரீம் கடையில் கிடைக்குமா?

அபூர்வம். டப்பாவின் முன்பக்கம் 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கே பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தால் கண் தாண்டிப் போய்விடும். 950 அசிசல்பேம், 951 அஸ்பார்டேம், 955 சுக்ரலோஸ். இது எதுவும் இல்லையே என்று சந்தோஷப்படும்போது 965 இருக்கும். அது மால்டிடால், சர்க்கரை ஆல்கஹால் வகை. 'சர்க்கரை' என்ற வரியில் வராது, ஆனால் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சீனி அளவுக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம். கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டால் வயிறும் பதில் சொல்லும். மாவிலிருந்து எடுக்கும் பொடியான மால்டோடெக்ஸ்ட்ரின் இன்னும் மோசம். இனிப்பே தெரியாது, சர்க்கரைக் கணக்கிலும் வராது, ஆனால் குளுக்கோஸ் குடித்த மாதிரி விறுவிறுவென்று ஏற்றிவிடும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது மொத்தக் கார்போஹைட்ரேட் (மாவுச்சத்து) வரி. சாதாரண வெனிலாவில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் வரை இருக்கும். 'சுகர் ஃப்ரீ' டப்பாவிலும் கிட்டத்தட்ட அதே எண் இருந்தால், அதற்குக் கூடுதல் விலை கொடுக்க என்ன காரணம் இருக்கிறது?

அப்புறம் இன்னொன்று. இந்திய விதிப்படி ஐஸ்க்ரீம் என்று எழுத 10 சதவீதமாவது பால் கொழுப்பு இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பு கலந்தால் 'ஃப்ரோஸன் டெசர்ட்' என்றுதான் போட வேண்டும். பேலியோக்காரர்கள் இதையும் பார்த்து வாங்குவது நல்லது.

கேள்வி: கருப்பட்டி, பேரீச்சை, வாழைப்பழம் போட்டுச் செய்தால் இயற்கைதானே?

இயற்கைதான், மாவுச்சத்து குறைவில்லை. கருப்பட்டியிலும் நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். பேரீச்சையில் 100 கிராமுக்கு 75 கிராம் கார்ப். உறைந்த வாழைப்பழத்தை மிக்ஸியில் அடித்தால் அருமையாக வரும், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் 100 கிராம் பழத்தில் 23 கிராம் இருக்கிறதே! பழம் வேண்டுமென்றால் ஸ்ட்ராபெர்ரி (100 கிராமுக்கு 8 கூட இல்லை) அல்லது கொடைக்கானல் பக்கத்திலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ). பட்டர் ஃப்ரூட்டில் 8 சொச்சம் கார்ப் இருந்தாலும் முக்கால்வாசி நார்ச்சத்துதான். தவிர, அதிலுள்ள கொழுப்பு ஐஸ்க்ரீமுக்கு வழுவழுப்பையும் தரும்.

கேள்வி: ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு) போட்டு வீட்டில் செய்தேன். ருசி பரவாயில்லை, ஆனால் கல் மாதிரி உறைந்துவிட்டது. கரண்டி வளைந்ததுதான் மிச்சம். என்ன தப்பு?

நிறையப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஐஸ்க்ரீமில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் சீனி அதன் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. அதனால்தான் மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரிலும் ஒரு பங்கு தண்ணீர் உறையாமல் நின்று ஐஸ்க்ரீமைக் கரண்டியில் எடுக்கிற பதத்தில் வைக்கிறது. நீங்கள் அரைக் கப் சீனியை எடுத்துவிட்டுச் சிட்டிகை ஸ்டீவியா போட்டீர்கள், இனிப்பு வந்தது, மற்ற வேலையைச் செய்ய ஆளில்லை. எரித்ரிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால் உறைநிலையை நன்றாகவே இறக்கும், ஆனால் குளிரில் கரைசலிலிருந்து பிரிந்து மணல் மாதிரி பல்லில் நறநறக்கும்.

அந்த வேலைக்குக் கொழுப்பைக் கூட்டுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். நான் சொல்வது இதுதான்: 25 சதவீதக் கொழுப்புள்ள ஃப்ரெஷ் க்ரீம் 250 மில்லி, முட்டை மஞ்சள் கரு 3, ஒரு சிட்டிகை உப்பு, ஏலக்காயோ வெனிலாவோ. மஞ்சள் கருவை அடித்து, சூடான க்ரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலந்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். கரண்டியின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் பதம் வந்ததும் இறக்க வேண்டும். கொதித்தால் முட்டை திரிந்துவிடும். ஆறவைத்து, நன்றாகக் குளிரவைத்து, ஐஸ் ட்ரேயில் கட்டிகளாக உறையவைத்து, சாப்பிடப் போகும்போது மட்டும் மிக்ஸியில் அடித்து உடனே கிண்ணத்தில் போடுங்கள். மிஷின் தேவையில்லை. கட்டியாக உறைந்தாலும் கவலையில்லை, மிக்ஸி உடைத்துவிடும். டப்பாவில் மொத்தமாக வைத்தால் கால் மணி நேரம் முன்னதாக எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

இனிப்புக்கு? என் கட்சி இது: கொஞ்சம் உண்மையான சீனியே போடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு 20 கிராம். க்ரீமில் உள்ளதையும் முட்டையில் உள்ளதையும் சேர்த்து மொத்தம் 30 கிராம் அளவுக்கு வரும், ஐந்து பேர் பிரித்துச் சாப்பிட்டால் ஆளுக்கு 6 கிராம். இனிப்பும் வேண்டும், சீனியும் கூடாது, செயற்கையும் கூடாது, ஸ்டீவியா கசக்கிறது என்றால் மிச்சம் பெரிதாக எதுவுமில்லை, யாராவது இருக்கிறது என்று விற்றால் லேபிளைக் கேளுங்கள். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், அதனால் சூட்டில் சுவைத்து 'இது போதும்' என்று நிறுத்தினால் உறைந்தபின் சப்பென்றிருக்கும். அந்த உப்பை விட்டுவிடாதீர்கள், இனிப்பைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும்.

பேக்கரி சாமான் கடையில் 'விப்பிங் க்ரீம்' என்று தரும் பல டப்பாக்கள் சர்க்கரை ஏற்கெனவே கலந்த தாவரக் கொழுப்பு. இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

கேள்வி: சீனி போடாமல் பாலை மட்டும் சுண்டக் காய்ச்சிக் குல்ஃபி செய்தால்?

தண்ணீர்தான் ஆவியாகும், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அங்கேயே இருக்கும். ஒரு லிட்டர் பாலில் சுமார் 48 கிராம். மூன்றில் ஒரு பங்காகச் சுண்டினாலும் அதே 48 கிராம்தான், இப்போது சின்னச் சின்ன அச்சுகளில். லாக்டோஸுக்கு இனிப்பும் சீனியில் ஆறில் ஒரு பங்குதான். சர்க்கரையும் ஏறி, இனிப்பும் கிடைக்காத கூத்து! பால்பவுடர் சேர்ப்பதும் இதே கதை.

கேள்வி: ஸ்டீவியா, எரித்ரிட்டால் பாதுகாப்பானவையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடைக் கட்டுப்பாட்டுக்காக இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. அந்தப் பட்டியலில் ஸ்டீவியா உண்டு, எரித்ரிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் இல்லை. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. அதே வருடம் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்ததைக் காட்டியது. எரித்ரிட்டாலை நம் உடம்பும் தானே தயாரிக்கிறது என்பதால், சாப்பிட்டதுதான் காரணம் என்று அதைவைத்து முடிவுகட்ட முடியாது. எப்போதாவது ஒரு கிண்ணம் என்றால் நான் தடுக்க மாட்டேன், தினமும் என்றால், அதுவும் இதய நோய் இருந்தால், வேண்டாம் என்பேன். ஸ்டீவியா பாக்கெட் வாங்கும்போது கூடவே என்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள், சிலவற்றில் டெக்ஸ்ட்ரோஸோ (குளுக்கோஸ்தான்) மால்டோடெக்ஸ்ட்ரினோ இருக்கும். 'மாங்க் ஃப்ரூட்' என்ற பழத்திலிருந்து எடுத்த இனிப்பு என்று விற்கும் பாக்கெட் பலவற்றில் பெரும்பகுதி எரித்ரிட்டால்தான். ஸைலிட்டால் (இதுவும் சர்க்கரை ஆல்கஹால்) போட்டதை மட்டும் வீட்டு நாய்க்கு எட்டுகிற இடத்தில் வைக்காதீர்கள், அதற்கு அது விஷம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இந்த மாதிரி ஐஸ்க்ரீம் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், ஏறவேயில்லை. தினமும் தரலாமா?

அவசரப்படாதீர்கள். கொழுப்பு அதிகமானால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரை தாமதமாக ஏறும். நான்கு மணி நேரம் கழித்தும் ஒரு தடவை பாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத் தந்தால் இன்னும் குழப்பும். அவர் இன்சுலின் போடுகிறாரா, மாத்திரை என்ன என்று எழுதவில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் சாப்பாட்டில் மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டக் கூடாது, கீட்டோஅசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் கூடும் அவசர நிலை) வரும் ஆபத்து உண்டு. ஐஸ்க்ரீமைவிட அதுதான் இங்கே முதல் கேள்வி.

கேள்வி: பால் ஒத்துக்கொள்ளாது. தேங்காய்ப்பால்?

தாராளமாக. தண்ணீர் அதிகம் விடாமல் எடுத்த முதல் பால் மட்டும். இரண்டாம் பாலைச் சேர்த்தால் ஐஸ்தான் கிடைக்கும், க்ரீம் கிடைக்காது. பாதி பட்டர் ஃப்ரூட்டும் இளநீர் வழுக்கையும் சேர்த்து அடித்து, அதே ஐஸ் ட்ரே வழியில் செய்யுங்கள்.