மாவை ஏன் கொட்டினே?

கடிதம்:

வணக்கம் அக்கா. நாங்க மதுரைக்காரங்க. வீட்டுக்காரர் வேலைக்காக கொடைக்கானல் வந்து நாலு வருஷம் ஆச்சு, வில்பட்டி பக்கம் வாடகை வீடு. பண்டிகைன்னா வீட்டுலயே பலகாரம் செஞ்சு சாமிக்கு வச்சு கும்பிடணும்னு எனக்கு ரொம்ப ஆசை. ஆனா இங்க வந்ததுலேர்ந்து எதுவுமே ஒழுங்கா வரல. ரெண்டு வருஷம் முன்னாடி அதிரசம் எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு கரைஞ்சுருச்சு. போன தீபாவளிக்கு யூடியூப் பார்த்து, அதுல சொன்ன மாதிரியே தெர்மாமீட்டர் வாங்கி 115 டிகிரி வச்சு பாகு எடுத்தேன், கல்லு மாதிரி ஆயிருச்சு. மிச்ச மாவை யாருக்கும் தெரியாம ராத்திரி குப்பையில கொட்டிட்டேன். அத்தை போன்ல 'உனக்கு கைப்பக்குவம் கிடையாது, கடையில வாங்கிரு'ன்னு சொல்லிட்டாங்க. கடையில வாங்கி படைச்சா தப்பா அக்கா? எந்தப் பண்டிகைக்கு என்ன செய்யணும்னு மாசவாரியா ஒரு லிஸ்ட் போட்டீங்கன்னா உதவியா இருக்கும். பிள்ளைங்க வேற கேக் இருந்தாத்தான் பண்டிகைங்குறாங்க. என் பேர் போடவேணாம்.

பதில்:

தங்கச்சி,

லிஸ்ட் எல்லாம் நான் போடமாட்டேன். பிள்ளையார் சதுர்த்திக்கு கொழுக்கட்டை, சரஸ்வதி பூஜைக்கு சுண்டல், கார்த்திகைக்கு பொரி, மதுரையில வளர்ந்த பொண்ணுக்கு இதை நான் சொல்லித் தரணுமா? கடையில வாங்கி படைக்கலாம், தாராளமா வாங்கு, சாமி கோவிச்சுக்காது. பிள்ளைங்க கேக் கேட்டா அதையும் வாங்கிக் கொடு.

ஆனா மாவை ஏன் கொட்டினே?

அதுவும் ராத்திரி, யாருக்கும் தெரியாம. அந்த ஒரு வரியிலயே நான் நின்னுட்டேன், அதுக்கப்புறம் நீ எழுதினதை ரெண்டாந்தடவை படிக்கும்போதுதான் கவனிச்சேன். போன வாரம்தான் பரணை ஒழிச்சப்ப எங்க அம்மாவோட அதிரசக்கட்டை கிடைச்சுச்சு, எண்ணெய் பிழியுற அந்த ரெண்டு பலகை, ஓரமெல்லாம் கருத்துப்போயி. அதை துடைச்சு வச்சுக்கிட்டு அம்மாவோட முதல் தீபாவளிய பத்தியே நினைச்சுக்கிட்டு இருந்தேன், அப்பதான் உன் கடிதம் வருது.

எங்க அம்மா வத்தலக்குண்டு பக்கத்துலேர்ந்து 1971ல கல்யாணம் ஆகி மலைக்கு வந்தவங்க. நாயுடுபுரத்துல தகரம் போட்ட வீடு, அப்பா மரக்கடையில கணக்கு எழுதிக்கிட்டு இருந்தாரு, கூட அப்பத்தா. பத்தொன்பது வயசு பொண்ணு. அம்மா வீட்டுல கூட நின்னு அதிரசம் சுட்டு பழகினவங்கதான், கை நல்ல கை. அந்த ஐப்பசியில இங்க அரிசிய ஊறவச்சு, வடிச்சு, கீழ செஞ்ச மாதிரியே வேட்டியில நிழல்ல உலர்த்தி, இடிச்சு, சலிச்சு, பாகு ஊத்தி எல்லாம் செஞ்சாங்க. தீபாவளிக்கு முதல்நாள் சாயங்காலம் முதல் அதிரசத்தை எண்ணெயில விட்டா அது அப்படியே பிரிஞ்சு சட்டி பூரா ஓடிருச்சு. ரெண்டாவதும் அதே, மூணாவதும் அதே. அப்பத்தா தூங்கினதுக்கப்புறம் மாவுப்பானையை தூக்கிட்டுப் போயி வீட்டுக்கு பின்னாடி சரிவுல கொட்டிட்டாங்க. காலையில எண்ணெய் தேச்சு குளிக்க அப்பத்தா வெளிய வந்தா நாயும் காக்காயும் அங்க நிக்குது. அப்ப ஒண்ணும் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் இருபது வருஷம், வீட்டுல எந்த விசேஷம்னாலும், வந்தவங்க முன்னாடி வச்சு, 'எங்க மருமக நாய்க்கு தீபாவளி கொண்டாடினவ'ன்னு சொல்லிருவாங்க. எல்லாரும் சிரிப்பாங்க, அம்மாவும் சிரிப்பாங்க. கடைசி காலத்துல ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு எங்கிட்ட அம்மா சொன்னது, 'அன்னைக்கு அந்த மாவை நான் கொட்டியிருக்கக்கூடாதுடி, வச்சிருந்தா சரி பண்ணிருக்கலாம்'. சாகப்போற நேரத்துல ஒரு மனுஷிக்கு மாவு ஞாபகம் வருதுன்னா அது எவ்வளவு நாளா உள்ள கிடந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. அதான் உன்மேல எனக்கு இவ்வளவு கோவம். கோவம்னா உன்மேல மட்டும் இல்ல.

உன் அத்தை சொன்னது தப்பு. உனக்கு கை இருக்கு. நீ செஞ்ச இடம் வேற, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு இதை சொல்லித் தந்தது பூம்பாறையிலேர்ந்து பூண்டு விக்க வர்ற ஒரு அம்மா. தீபாவளி முடிஞ்ச வாரம் வாசல்ல உக்காந்து பேச்சுவாக்குல கேட்டுருக்காங்க, அம்மா அழுதுருக்காங்க. அந்தம்மா சொன்னாங்களாம், 'ஏம்மா, இது மஞ்சு குடிக்கிற ஊரு. இங்க துணிய காயப்போட்டாலே மூணு நாளாகும், அரிசி நிழல்ல காயுமா?' இங்க ஐப்பசி கார்த்திகையில காத்துலயே தண்ணி இருக்கு. நீ ஒரு மணிநேரம் விரிச்சு வச்சாலும் காயாம ஈரம் அப்படியே நிக்கும். அதிரசத்துக்கு அரிசி எப்படி இருக்கணும், கையில அள்ளினா ஒட்டணும், கொட்டினா உதிரணும், அந்த ஈரம்தான் கணக்கு. அதுக்கு மேல ஈரம் நின்னா மாவு தளந்துரும், எண்ணெயில பிரியும். உன்னோட முதல் அதிரசத்துக்கு நடந்தது இதாத்தான் இருக்கும், அம்மாவுக்கு நடந்ததும் இதுதான். அந்த பூம்பாறை அம்மா வீட்டுல அடுப்புக்கு மேல பரண்ல பூண்டை கொத்துக்கொத்தா கட்டி புகையில தொங்கவிடுவாங்களாம், அரிசியையும் அந்த சூட்டுலதான் முறத்துல வச்சு உலர்த்துவாங்களாம். அடுத்த வருஷம் அம்மா அடுப்புக்கு மேல கயிறு கட்டி முறத்தை தொங்கவிட்டாங்க. அந்த முறத்தை இறக்கி அரிசிய தொட்டுப் பார்க்குற வேலை அப்புறம் வந்த வருஷங்கள்ல என்னோட வேலை. உனக்கு விறகடுப்பு இருக்காது. அறைக்குள்ள ஹீட்டர் போட்டு, ஜன்னலை சாத்தி, ஒரு பெட்ஷீட்ல விரிச்சுப் போடு. ஃபேன் காத்துல மட்டும் காயவைக்காத, ஈரக்காத்தைத்தான் அது சுத்தி சுத்தி விடும்.

இப்ப அந்த தெர்மாமீட்டர். இதை கொஞ்சம் நிதானமா படி, ஏன்னா இதை யாருமே மலையில இருக்குறவங்களுக்கு சொல்றதில்ல. கடல்மட்டத்துல தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். மேல ஏற ஏற காத்தோட அழுத்தம் குறையும், சுமாரா 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைஞ்சுக்கிட்டே வரும். கொடைக்கானல் ஏறத்தாழ 2100 மீட்டர், அதாவது ஏழாயிரம் அடி. இங்க தண்ணி 93 டிகிரியிலயே தளபுளன்னு கொதிச்சுரும். பாகுங்குறது தண்ணி வத்தி வத்தி சக்கரை இறுகுறதுதான், அதனால கீழ 115ல வர்ற பதம் இங்க 108லயே வந்துரும். நீ 115 வரைக்கும் விட்டே, அதுக்குள்ள தண்ணி அதிகமா வத்தி பாகு முத்திப்போச்சு. வீடியோவுல சொன்னது கீழ்நாட்டுக்கு சரி, உனக்கு சரியில்ல. தெர்மாமீட்டரை தூக்கிப்போடவேணாம். முதல்ல வெறும் தண்ணியை கொதிக்கவிட்டு அதுல என்ன காட்டுதுன்னு பாரு, நூறுக்கு எவ்வளவு குறையுதோ அதை எல்லா பாகுக் கணக்குலேர்ந்தும் கழிச்சுக்க. ஆனா அதைவிட நல்ல கருவி ஒரு கிண்ணம் பச்சைத்தண்ணி. பாகை ஒரு சொட்டு விட்டு விரலால கூட்டினா உருளணும், எடுத்தா மெத்துன்னு இருக்கணும். இது மதுரைக்கும் சரி கொடைக்கானலுக்கும் சரி, ஏன்னா தண்ணிக்குள்ள விழுந்த பாகு எவ்வளவு இறுகியிருக்குன்னுதான் நீ தொட்டுப் பார்க்குற, எத்தனை டிகிரியில கொதிச்சுதுன்னு பார்க்கல. நம்ம பாட்டிங்க எல்லாம் விரலால பார்த்தது ஏதோ நாட்டுப்புறத்து வழக்கம்னு நினைக்காத.

அரிசி பருப்பு வேகாததும் இதே காரணம்தான், கூட இந்த ஊர் குளிரும். கொண்டக்கடலை ராத்திரி பூரா ஊறியும் கல்லா இருக்கும், பச்சைத்தண்ணி இங்க ஐஸ் மாதிரி கிடக்குது, அதுல எப்படி ஊறும்? வெதுவெதுன்னு தண்ணியில போட்டு மூடி வை, குக்கர்ல ரெண்டு விசில் கூட விடு. இந்தக் குளிர்ல பிசைஞ்ச அதிரசமாவும் பொங்காம அப்படியே கிடக்கும். கீழ ரெண்டு மூணு நாள்ல பதமாகுற மாவுக்கு இங்க அஞ்சு நாள் கொடு, பானையில நெய் தடவி வச்சு, துணி கட்டி, கம்பளி சுத்தி வை. இட்லிமாவை ரெண்டு ராத்திரி வச்சிருந்து சுடுறவங்க தெருவுல இருந்துக்கிட்டு அதிரசத்துக்கு மட்டும் மதுரைக் கணக்கை பிடிச்சுக்கிட்டு நிக்கலாமா?

இன்னொன்னு சொல்லணும், நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். நீ கேட்ட லிஸ்ட் எனக்கு ஏன் பிடிக்கலைன்னா, அந்த லிஸ்ட்ல இருக்குறது எல்லாமே கீழ விளையுறது. கரும்பு பஸ்ல வருது, வாழையிலை தாண்டிக்குடி பண்ணைக்காடு பக்கத்துலேர்ந்து வருது, மாவிலை, எருக்கம்பூ எல்லாம் வத்தலக்குண்டுலேர்ந்து கட்டு கட்டா ஏறுது. வரட்டும், வாங்கு, நானும் வாங்குறேன். ஆனா அது கிடைக்கலைன்னா பண்டிகையே இல்லைன்னு உக்காந்து அழுறவங்களை பார்த்தா எனக்கு ஆத்திரமா வருது. நம்ம வீட்டு பின்னாடி பட்டர் பீன்ஸ் காய்ச்சு தொங்குது, சரஸ்வதி பூஜைக்கு காஞ்ச கொண்டக்கடலையைத்தான் வைக்கணுமா? பச்சை பட்டர் பீன்ஸை உரிச்சு, வேகவச்சு, தேங்கா துருவிப்போட்டு தாளிச்சு ஒரு தடவ வச்சு பாரு, பிள்ளைங்க திரும்ப கேக்கும். பிள்ளையார் சதுர்த்திக்கு பேரிக்கா இருக்கு, பிள்ளையாருக்கு விளாம்பழம்தான் வேணும்னு யாரு சொன்னா? எங்க அம்மா பேரிக்கா இலையிலதான் தோரணம் கட்டுவாங்க. வந்தவங்க ஒரு மாதிரி பாப்பாங்க. அம்மா கண்டுக்கவே மாட்டாங்க, அந்த ஒரு விஷயத்துல மட்டும் அவங்க யாருக்கும் பயந்ததில்ல.

'இது நம்ம வழக்கம் இல்லையே'ன்னு உன் அத்தை சொல்லுவாங்க. அவங்க கிட்ட பழனி பஞ்சாமிர்தத்தை கேளு. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பிரசாதம், தமிழ்நாட்டுல அதை தெரியாத வீடு இருக்கா? அதுல விழுற வாழைப்பழம் என்ன பழம்? விருப்பாச்சி, இந்த பழனிமலைச் சரிவுல விளையுற மலைப்பழம். நாட்டுச்சக்கரை, தேன், நெய், ஏலக்கா எல்லாம் இருந்தாலும் அந்தப் பழத்துல தண்ணி கம்மியா இருக்குறதாலதான் அது அப்படி கெட்டியா நின்னு கெடாம இருக்கு. முடிக்கொத்து நோய் வந்து அந்தத் தோட்டங்கள் எவ்வளவு அழிஞ்சுதுன்னு கீழ்மலையில யாரைக் கேட்டாலும் கண்ணுல தண்ணி வச்சு சொல்லுவாங்க. அந்த மலையில விளைஞ்சதை அந்த மலையடிவாரத்து குன்றுமேல இருக்குற முருகனுக்கு கொடுத்தாங்க, அது பிரசாதமாச்சு. ஆதியில யாரும் அவனுக்கு வேற ஊர் லிஸ்ட்டை பார்த்து படைக்கல. நீ இருக்குற மண்ணுல விளையுறதை உன் வீட்டு சாமிக்கு வைக்குறது எப்படி வழக்கம் இல்லாமப் போகும்? நான் இதை முப்பது வருஷமா எங்க சொந்தக்காரங்க கிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன், சண்டையும் போட்டிருக்கேன், இனியும் போடுவேன்.

கார்த்திகை பொரிக்கு ஒண்ணே ஒண்ணு: பாக்கெட்டை பிரிச்ச உடனே உருண்டை பிடிச்சுரு. மஞ்சு இறங்குற சாயங்காலத்துல அரைமணி நேரம் தட்டுல வச்சாலே பொரி நமத்துப்போகும். பாகு பூசினப்புறம் டப்பாவுல போட்டு மூடிரு.

திரும்ப மாவுக்கு வர்றேன். எந்த மாவையும் கொட்டாத. தளந்துபோச்சுன்னா காஞ்ச பச்சரிசி மாவு ஒரு கை தூவி பிசைஞ்சு ஒரு நாள் வை. முத்திப்போயி கெட்டியாச்சுன்னா காய்ச்சின பாலை சூடா தெளிச்சு பிசை, அடிச்சு அடிச்சு பிசைஞ்சா இளகி வரும். ரெண்டுக்கும் வழிக்கு வரலைன்னா ஒரு மலைப்பழத்தை பிசைஞ்சு போட்டு, கொஞ்சம் கோதுமைமாவு, தண்ணி விட்டு கரைச்சு பணியாரக்கல்லுல ஊத்து. வெல்லம், ஏலக்கா, சுக்கு எல்லாம் உள்ளயே இருக்கு, என்ன குறை? அதை சாமிக்கும் வைக்கலாம். அம்மா ரெண்டாவது வருஷத்துலேர்ந்து வேணும்னே கொஞ்சம் மாவை எடுத்து வச்சு பணியாரம் ஊத்துவாங்க, தீபாவளி காலையில எனக்கு அதிரசத்தைவிட அதுதான் பிடிக்கும், நாலரை மணிக்கு எண்ணெய் தேச்சு குளிச்சு பல்லு அடிச்சுக்கிட்டே வந்து அடுப்புகிட்ட உக்காந்தா லேகியத்தை ஊட்டிவிட்டுட்டு சுடச்சுட கையில வைப்பாங்க. அப்பத்தா வர்றதுக்கு முன்னாடி சாப்பிட்டு முடிச்சுரணும்.

இந்த தீபாவளிக்கு உன் அத்தையை இங்க வரச்சொல்லு. ஒரு வாரம் முன்னாடியே வரட்டும். அரிசிய அவங்களே உலர்த்தட்டும், பாகையும் அவங்களே இறக்கட்டும். நல்லா வந்தா கத்துக்க. எண்ணெயில பிரிஞ்சுதுன்னா ஒரு வார்த்தை பேசாத, யாருகிட்டயும் போன்ல சொல்லாத, பிள்ளைங்க முன்னாடி சிரிக்காத. பணியாரக்கல்லை எடுத்து அடுப்புல வச்சுட்டு பழத்தை உரிச்சு அவங்க கையில கொடு.