ஜிம்மியின் முட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்களுக்குக் கோத்தகிரிக்குப் பக்கத்து ஊர். இரண்டு ஏக்கர் தேயிலை. வீட்டு நாய் ஜிம்மிக்கு ஆறு வயது, லேப்ரடார் கலப்பு. இலை எடைபோடும் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 34 கிலோ. போன மாதம் தோட்டத்துக்குள் வந்த காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்தபடி மேட்டிலிருந்து குதித்தான். ஒரே கத்தல். அதிலிருந்து வலது பின்னங்காலை ஊன்றுவதில்லை, நுனியை மட்டும் வைத்து நொண்டுகிறான். இங்குள்ள டாக்டர் மாத்திரையும் ஓய்வும் போதும் என்றார். கோயம்புத்தூரில் மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, முட்டி ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிட்டது, எலும்பை வெட்டித் தகடு வைக்கும் டிபிஎல்ஓ ஆபரேஷன்தான் வழி என்கிறார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் ஒரு வருட இலைப் பணத்தில் பாதி. பெங்களூரில் இருக்கும் மகன், "அப்பாவுக்கு என்றால் இப்படி யோசிப்பீர்களா?" என்கிறான். மாமியார், "நாய்க்கு நாக்குதான் மருந்து, விட்டுவிடு" என்கிறார். உங்கள் நாய்க்கு இதே ஆபரேஷன் நடந்ததை எழுதியிருந்தீர்கள். நாங்கள் என்ன செய்வது?

சாந்தா

அன்புள்ள சாந்தா,

மகன் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடிதத்தில் உங்களை அதிகம் வருத்துவது அதுதான் என்று தெரிகிறது. அந்தக் கேள்வி நியாயமில்லை. முட்டி ஜவ்வு கிழிந்து நாய் செத்துப்போவதில்லை. வலி இருக்கும், நடை கெடும், கவனிக்காமல் விட்டால் தொடை சூம்பும். இதற்கு இரண்டு வழி உண்டு, இரண்டுமே வைத்தியம்தான். இலைப் பணத்தைக் கணக்குப் பார்ப்பதால் ஜிம்மி மேல் உங்களுக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இந்த வாரமே முடிவெடுக்க வேண்டிய அவசரமும் இல்லை.

நான் மருத்துவன் அல்ல. எங்கள் நாயோடு இதைத் தாண்டி வந்தபோது டாக்டர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மனிதரின் கீழ்க்கால் எலும்பில் முட்டியோடு சேரும் மேல்முனை ஏறக்குறைய சமமாக இருக்கும். நாய்க்கு அது பின்பக்கம் சரிந்திருக்கும், சுமார் 25 டிகிரி. காலை ஊன்றும்போதெல்லாம் கீழ் எலும்பு முன்னால் நழுவப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது இந்த ஜவ்வு. சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வுதான் அந்த பிரேக் கம்பி. பெரும்பாலான நாய்களுக்கு அது ஒரே நாளில் அறுவதில்லை. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இழை இழையாக நைந்துகொண்டே வரும். மிச்சம் இருந்தது அறுகிற நாளைத்தான் நாம் பார்க்கிறோம். ஆகவே காட்டுமாட்டின் மேலும் பழி வேண்டாம், கட்டிப்போடாமல் விட்டோமே என்று உங்கள் மேலும் வேண்டாம்.

டிபிஎல்ஓ-வில் ஜவ்வைத் தைப்பதில்லை. கீழ் எலும்பின் தலைப்பகுதியை வளைவாக அறுத்து, சற்றே சுழற்றி, சரிவை 5 டிகிரி அளவுக்குக் குறைத்து, தகடும் திருகும் போட்டு நிறுத்துகிறார்கள். தரையைச் சமமாக்கிவிட்டால் பிரேக் இல்லாமலே ஜீப் நிற்கும் அல்லவா, அந்த யோசனைதான். பார்க்லே ஸ்லோகம் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் 1993-இல் இதை எழுதி வெளியிட்டார். முட்டிக்கு வெளிப்பக்கம் கெட்டியான நைலான் இழையைக் கட்டி நிறுத்தும் பழைய முறையும் உண்டு. செலவு குறைவு, சின்ன நாய்களுக்கு நன்றாகவே ஒத்துவரும். ஜிம்மி எடையில் துள்ளுகிற நாய்க்கு அந்த இழை தளர்ந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால்தான் கோயம்புத்தூர் டாக்டர் அதைச் சொல்லாமல் விட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, ஆபரேஷன் இல்லாமல் ஆறாதா? மாமியார் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. 1984-இல் வந்த ஓர் ஆய்வில், 15 கிலோவுக்குக் குறைந்த நாய்களில் பெரும்பாலானவை ஆபரேஷன் இல்லாமலே சில மாதங்களில் நன்றாக நடந்தன. பெரிய நாய்களில் ஐந்தில் ஒன்றுதான் தேறியது. இதைச் சொல்லித்தான் பெரிய நாய் என்றாலே ஆபரேஷன் என்று வெகுகாலம் பேசினார்கள். 2013-இல் இன்னொரு ஆய்வு வந்தது. 20 கிலோவுக்கு மேற்பட்ட, எடை கூடிய நாய்கள். எல்லாவற்றுக்கும் உணவைக் குறைத்து எடையிறக்கி, பயிற்சியும் வலி மருந்தும் கொடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் டிபிஎல்ஓ செய்தார்கள். ஓராண்டு முடிவில் ஆபரேஷன் செய்தவற்றில் நான்கில் மூன்று நன்றாக இருந்தன. செய்யாதவற்றிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தேறியிருந்தன. ஆபரேஷன் மேல்தான், சந்தேகமில்லை. ஆனால் செய்யாவிட்டால் நாய் முடமாகிவிடும் என்று யாராவது சொன்னால் அவ்வளவு பயப்பட வேண்டாம். அந்த இரண்டாம் கூட்டத்து நாய்கள் சும்மா விடப்பட்டவை அல்ல என்பதை மட்டும் மாமியாரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

முடிவை மாற்றக்கூடிய ஒரு விஷயம் உண்டு. இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு இருக்கிறது. ஜவ்வு போனபின் எலும்பு ஆடி ஆடி அது நசுங்கிக் கிழியலாம். கிழிந்திருந்தால் ஓய்வில் வலி போகாது, உள்ளே பார்த்துக் கிழிந்த துண்டை எடுத்தால்தான் நாய் காலை ஊன்றும். எக்ஸ்ரேயில் ஜவ்வும் தெரியாது, மெனிஸ்கஸும் தெரியாது. காலை மடக்கும்போது சில சமயம் 'டக்' என்று சத்தம் கேட்கும். கோயம்புத்தூரில் இதைப்பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நேராகக் கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஏறக்குறைய ஒன்றுதான், அது சிரமமான வேலை. இரண்டு மாதத்துக்குக் குறையாமல் ஓட்டம் கிடையாது, குதிப்பு கிடையாது, படி கிடையாது. ஆபரேஷன் என்றால் அறுத்த எலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். நம் மலையில் சமதரை எங்கே இருக்கிறது? வாசலிலிருந்து ரோட்டுக்கு எத்தனை படி என்று எண்ணிப்பாருங்கள். வீட்டை ஒட்டிய ஒரு சமமான இடத்தைத் தேர்ந்துகொண்டு, குட்டையான கயிற்றில் பிடித்து, சிறுநீர் மலத்துக்கு மட்டும் கூட்டிப்போய் வரவேண்டும். வழுக்கும் தரையில் சாக்கு விரியுங்கள். படி தவிர்க்க முடியாத இடத்தில் ஒரு நீளத் துண்டை அடிவயிற்றுக்குக் கீழ் கொடுத்துப் பின்பாகத்தைத் தூக்கிப் பிடியுங்கள். ராத்திரி உள்ளேதான். சிறுத்தை நடமாடும் ஊரில், ஓட முடியாத நாயை வெளியே கட்டிவைப்பதை நினைக்கவே எனக்கு நெஞ்சு பதறுகிறது. அப்புறம், மாமியார் சொன்ன நாக்கு மருந்து ஆபரேஷன் புண்ணில் தலைகீழாகிவிடும். நக்கினால் தையல் பிரிந்து சீழ் வைக்கும், கழுத்தில் கூம்பு மாட்டியே ஆகவேண்டும்.

மிகவும் ஆபத்தான சமயம், அவன் காலை ஊன்றத் தொடங்கும் சமயம். வலி குறைந்ததும் நாய் தனக்குக் குணமாகிவிட்டது என்று முடிவு செய்துவிடும். எங்கள் வீட்டில் எல்லோரும் சோர்ந்துபோனதும் அந்த வாரங்களில்தான். இலை அதிகம் வரும் மாதங்களில் நீங்கள் இரண்டு பேரும் காலையிலேயே தோட்டத்துக்குப் போய்விடுவீர்கள். அப்போது அவனோடு யார் இருப்பது? பணத்துக்கு முன்னால் இதற்குப் பதில் கண்டுபிடியுங்கள்.

எடையை இன்றைக்கே ஆரம்பிக்கலாம். அவன் உடம்புக்கு 27, 28 கிலோ போதும் என்று நினைக்கிறேன், டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் இறக்க வேண்டாம். டீயோடு நீட்டும் வர்க்கியை அடியோடு நிறுத்துங்கள், அதில் இருப்பது மாவும் கொழுப்பும்தான்.

மருந்து விஷயத்தில் ஒன்று. நமக்கு வாங்கிய ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை ஒருநாளும் கொடுக்காதீர்கள். குடல் புண்ணாகும், சிறுநீரகம் கெடும். டைக்ளோஃபெனாக் கொடுத்த மாட்டின் சடலத்தைத் தின்றுதான் நாடு முழுக்கப் பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகள் பெரும்பாலும் அழிந்தன. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பாறுக் கழுகுகள் இன்னும் கூடு கட்டும் மாயாறு பள்ளத்தாக்கு நமக்குக் கீழேதான் இருக்கிறது. கழுகுக்குக் கேடில்லை என்று அதற்கு மாற்றாக வந்த மெலோக்சிகாமைத்தான் நாய்களுக்கும் வலிக்கு எழுதுகிறார்கள். அதையும் டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் கொடுங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்கிறீர்கள். ஆறு வயது, இந்த எடை, ஓடியாடும் சுபாவம், முழுசாகக் கிழிந்த ஜவ்வு: வட்டிக்கு வாங்காமல் பணம் திரட்ட முடியும், வீட்டில் ஆள் இருக்கும் என்றால் நான் ஆபரேஷன் செய்வேன். ஆனால் பணத்தைக் கணக்குப் போடும்போது இரண்டு காலுக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பக்கம் ஜவ்வு போன நாய்களில் ஏறக்குறைய பாதிக்கு ஓரிரு வருடத்தில் மறுபக்கமும் போகிறது. இப்போதே கையிருப்பைத் துடைத்து எல்லாவற்றையும் வலது காலுக்குக் கொட்டிவிட்டால் அன்றைக்கு என்ன செய்வீர்கள்? இதை நினைத்துப் பார்த்து, முடியாது என்று தோன்றினால், மற்ற வழியை முழு மனதோடு எடுங்கள். இரண்டு மாதம் ஒழுங்காகச் செய்துவிட்டு இரண்டு தொடையையும் டேப்பால் அளந்து பாருங்கள். நோய்க்கால் இன்னும் சூம்பிக்கொண்டே போனால், நொண்டல் அப்படியே இருந்தால், அப்போதும் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். மூட்டுத் தேய்மானம் இரண்டு வழியிலும் கொஞ்சம் வரத்தான் செய்யும், பனிக்காலக் காலைகளில் அவன் எழுந்திருக்கக் கஷ்டப்படுவான்.

கோயம்புத்தூர் டாக்டரிடம், இந்த ஆபரேஷனைத் தொடர்ந்து செய்து வருகிறாரா, தொற்று வந்தால் அந்தச் செலவு யாருடையது, எட்டாம் வாரத்து எக்ஸ்ரே சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே போன் செய்து விசாரிக்கலாம். ஆனால் ஆபரேஷன் முடிந்த நாயோடு அவ்வளவு தூரம் திரும்பி வருவதையும் யோசிக்க வேண்டும். எக்ஸ்ரே படத்தை உங்கள் கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இன்னொருவரிடம் காட்ட உதவும்.

ஆபரேஷன் என்று முடிவானால் மகனை முதல் இரண்டு வாரம் ஊருக்கு வந்து வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்லுங்கள். 34 கிலோவைத் துண்டில் தாங்கிப் படி இறக்க இளவயசுக் கை ஒன்று கட்டாயம் வேண்டும்.

அன்புடன்.