டைரியில் என்னதான் எழுதுவது? – வாசகர் கேள்வி பதில்

டைரி எழுதுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: வருஷத் தொடக்கத்திலிருந்து எழுதியதை நேற்று வாசித்துப் பார்த்தேன். “எழுந்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன், களைப்பு.” எல்லாப் பக்கமும் இதேதான். என் வாழ்க்கையே இவ்வளவுதானா, இல்லை எனக்கு எழுதத் தெரியவில்லையா?

வாழ்க்கை மேல் பழி போடாதீர்கள். எழுந்ததும் போனதும் வந்ததும் எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்தவைதான். எழுதாவிட்டால் தொலைந்துபோகிற விஷயத்துக்குத்தான் டைரி. நம் ஞாபகத்துக்கு ஒரு குணம் உண்டு: தீர்ப்பை வைத்துக்கொண்டு சாட்சியத்தைத் தொலைத்துவிடும். “அந்த வருஷம் ரொம்பக் கஷ்டம்” என்பது பத்து வருஷம் கழித்தும் நினைவில் நிற்கும். யார் என்ன சொன்னார், கையில் எவ்வளவு இருந்தது, எந்தப் பேச்சில் மனசு விட்டுப்போனது என்பதெல்லாம் நிற்காது. ஆகவே சாட்சியத்தை எழுதுங்கள்.

ஒரு பதிவைப் பாருங்கள்: “மேலாளரோடு தகராறு. மனசே சரியில்லை.” ஆறு மாதம் கழித்து இதை வாசித்தால், எந்தத் தகராறு என்று உங்களுக்கே தெரியாது. அதே நாளை இப்படியும் எழுதலாம்: “மாலை நாலரை. அறிக்கையை மேசைமேல் வைத்தேன். நிமிர்ந்து பார்க்காமலே, ‘இதைப் போன வாரமே எதிர்பார்த்தேன்’ என்றார். போன வாரம் கேட்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இடத்துக்கு வந்து கால்மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.” மொத்தம் ஆறு வரிதான். மனசு எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் இல்லை, ஆனாலும் தெரிகிறது. முதல் பதிவில் இல்லாத ஒன்றும் வெளியே வந்திருக்கிறது: சொல்லாமல் விழுங்கிய அந்தப் பதில். மறுநாள் அவரிடம் பேச வேண்டியது என்ன என்பதும் அதிலேயே இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு மூன்று வரி போதும். நேரமோ இடமோ சேர்ந்த ஒரு காட்சி. யாரோ சொன்ன ஒரு வாக்கியம், அவர் வாய்ச்சொல்லிலேயே. ஓர் எண்: செலவோ, தூரமோ, காத்திருந்த நேரமோ. பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. இதில் வாய்ச்சொல்தான் சீக்கிரம் கெட்டுப்போகும். ராத்திரி உட்காரும்போது அவர் சொன்னது நம் நடைக்கு மாறியிருக்கும். கேட்டவுடன் இரண்டு மூன்று சொல்லை செல்பேசியில் குறித்துக்கொண்டால் தப்பிக்கும்.

காலையிலிருந்து வரிசையாகத் தொடங்குவதுதான் பலரும் செய்கிற தப்பு. மதியம் வருவதற்குள் கை ஓய்ந்துவிடும், எழுத வேண்டிய விஷயமோ மாலையில் இருக்கும். அன்று எது கண்முன் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் இந்தக் கேள்விகளில் ஒன்றை எடுங்கள்: இன்று எதைத் தள்ளிப்போட்டேன்? யாரிடம் எதைச் சொல்லாமல் விட்டேன்? என் கணக்கு எங்கே பொய்த்தது? எதை முதல்முறையாகச் செய்தேன்? ஒன்று போதும். நாலுக்கும் பதில் எழுத உட்கார்ந்தால் பரீட்சை எழுதுகிற அலுப்பு வந்துவிடும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய குறிப்புகளின் தொடக்கத்தில், காதால் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் கப்பல்கள் வந்து போவதையும் எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அதைவிடக் கச்சிதமான பதில் கிடையாது. கப்பல் வந்துபோனது அவருக்கு அன்றாடச் சங்கதி. இன்று அதுவே சரித்திரம்.

கேள்வி: துக்கமாக இருக்கும்போதுதான் எனக்கு எழுதவே தோன்றும். ஆனால் எழுதி முடித்தால் பாரம் இன்னும் கூடிவிடுகிறது. எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்களே?

லேசாகும், உடனே ஆகாது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்வின் மிக வேதனையான அனுபவத்தைப் பற்றி நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்கள் மனநிலை கீழேதான் போனது. பலன் தெரிந்தது அடுத்து வந்த மாதங்களில். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிடக் குறைவாகவே கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பலன் கிடைக்கவில்லை, கிடைத்த பலனும் பெரும்பாலும் சிறிதுதான். இருந்தாலும் அந்த முறையில் கவனிக்க ஒன்று உண்டு. நேரத்துக்கும் நாளுக்கும் அளவு இருந்தது.

உங்கள் சிக்கல் அளவில்லாமல் எழுதுவதாக இருக்கலாம். “ஏன் எனக்கு மட்டும் இப்படி” என்ற வரி மூன்று நாளாகத் திரும்பத் திரும்ப வந்தால், நீங்கள் எழுதவில்லை, அரைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்போது போக்கை மாற்றுங்கள். முதல் ஐந்து நிமிஷம் நடந்ததை மட்டும், உணர்வுச் சொல் கலக்காமல் எழுதுங்கள். அடுத்த ஐந்து நிமிஷம் அப்போது என்ன தோன்றியது, எதனால் தோன்றியது. கடைசி ஐந்து நிமிஷம் உங்களைப் பெயர் சொல்லி, வேறொருவரைப் பற்றிச் சொல்வதுபோல் எழுதுங்கள். ‘நான்’ என்பதை எடுத்துவிட்டால் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க முடிகிறது. மணி அடித்ததும் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். படுக்கப்போகும் முன் இதைச் செய்யாதீர்கள், கிளறிவிட்டது அடங்க நேரம் வேண்டும்.

எழுதும்போது தாங்க முடியவில்லை என்று தோன்றினால் அந்த விஷயத்தை அங்கேயே விட்டுவிடலாம். எதையும் எழுதித்தான் தீர வேண்டும் என்று கட்டாயமில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நோட்டை வைத்துவிட்டு உடனே ஒரு மனிதரிடம் பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். அது டைரியால் ஆகிற காரியமில்லை.

கேள்வி: படுத்தால் நாளைய வேலைகளே மண்டைக்குள் ஓடுகின்றன. இதையும் டைரியில் எழுதலாமா?

தாராளமாக. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிஷம் ஒரு சாரார் இனிச் செய்ய வேண்டிய வேலைகளையும், இன்னொரு சாரார் செய்து முடித்த வேலைகளையும் எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கினார்கள். அவர்களில் விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. “வங்கி வேலை” என்று எழுதாமல் “பதினோரு மணிக்கு வங்கியில் முகவரி மாற்றப் படிவம் கொடுக்க வேண்டும்” என்று எழுதுங்கள். பட்டியலை நோட்டின் பின்பக்கத்திலிருந்து எழுதி வாருங்கள். முன்பக்கப் பதிவுகளோடு கலந்தால் டைரி முழுக்க வேலைப் பட்டியலாகிவிடும்.

கேள்வி: தினமும் நன்றி சொல்ல மூன்று விஷயம் எழுதச் சொன்னார்கள். இரண்டாவது வாரமே “குடும்பம், ஆரோக்கியம், வேலை” என்று கை தானாக எழுதுகிறது.

அப்படித்தான் ஆகும். தினமும் எழுதுவதை நிறுத்திவிட்டு வாரத்துக்கு ஒரு நாள் எழுதுங்கள். இந்த முறையைப் பிரபலமாக்கிய 2003ஆம் ஆண்டு ஆய்வின் முதல் பகுதியிலும் வாரம் ஒருமுறை, அதிகபட்சம் ஐந்து என்றுதான் வைத்திருந்தார்கள். “குடும்பம்” என்று எழுதாதீர்கள். குடும்பத்தில் ஒருவர் அந்த வாரம் செய்த ஒரு காரியத்தை எழுதி, அவர் அதைச் செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு வரி சேருங்கள். நன்றி வராத வாரத்தில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கேள்வி: யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயத்தில் பாதியை மறைத்துத்தான் எழுதுகிறேன். என்ன வழி?

யாரோ தோளுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி எழுதினால், டைரியில் நல்ல பிள்ளையாகவே இருப்பீர்கள். அதற்கு எழுதாமலே இருக்கலாம். காவலை முதலில் சரிசெய்யுங்கள். செல்பேசியில் எழுதுவதானால், தனிப் பூட்டு போடும் வசதியுள்ள குறிப்புச் செயலி வேண்டும். செல்பேசியின் பூட்டு மட்டும் போதாது, அதன் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எழுதியது எங்கெல்லாம் தானாகப் பிரதியாகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுக் கணக்கில் இணைந்த இன்னொரு கருவியில் அதே பக்கம் திறந்து கிடக்கலாம். காகிதமானால், மிக அந்தரங்கமானதைத் தனித்தாளில் எழுதிக் கிழித்துப்போடுங்கள். மனசு ஆற எழுதியதைப் பாதுகாக்க வேண்டும் என்று விதியில்லை.

சங்கேத எழுத்து என்ற ஆசையும் சிலருக்கு உண்டு. 1660 முதல் 1669 வரை லண்டனில் டைரி எழுதிய சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில்தான் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் அதைப் படித்தெடுக்க ஒருவர் மூன்று வருஷம் உழைத்தார். அந்தச் சுருக்கெழுத்தின் கையேடு பீப்ஸின் சொந்த நூலகத்திலேயே இருந்தது அவருக்குத் தெரியாது! நீங்களே கண்டுபிடித்த சங்கேதம் என்றால் கையேடும் இருக்காது. ஐந்து வருஷத்தில் உங்களுக்கே புரியாமல் போகும். ஆட்களின் பெயருக்கு முதலெழுத்து மட்டும் போட்டால் போதும்.

கடவுச்சொற்கள், வங்கி விவரங்கள், மற்றவர் நம்பிச் சொன்ன ரகசியம் ஆகியவற்றை எந்த டைரியிலும் எழுதாதீர்கள்.

கேள்வி: வேலை மாறுவதா வேண்டாமா என்று குழப்பம். டைரி இதற்கு உதவுமா?

உதவும், ஆனால் புலம்பலை எழுதினால் உதவாது. 1838இல் சார்லஸ் டார்வின், கல்யாணம் செய்துகொள்வதா வேண்டாமா என்று ஒரு தாளை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கக் காரணங்களையும் எழுதிப் பார்த்தார். 1839 ஜனவரியில் கல்யாணம் நடந்தது. சாதகம் பாதகம் எழுதுவது நல்ல தொடக்கம். அதன்கீழே இன்னும் நான்கு சேருங்கள்: இன்றைய தேதி, எந்தப் பக்கம் சாய்கிறேன், ஒரு வருஷத்தில் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், அதில் எத்தனை சதவீதம் உறுதி. பிறகு ஒரு வருஷம் தள்ளி ஒரு தேதியைக் குறித்து, அன்று எடுத்துப் பாருங்கள்.

ஒரு காரியத்தின் முடிவு தெரிந்தபின், “அப்போதே எனக்குத் தெரியும்” என்று ஞாபகம் கதையைத் திருத்திவிடும். எழுதி வைத்த 60 சதவீதத்தை அதனால் திருத்த முடியாது. முடிவு நல்லதாக அமைந்தும் காரணம் தப்பாக இருந்த நாட்களையும் இந்தப் பக்கங்கள் காட்டிக்கொடுக்கும். எங்களைக் கேட்டால், தினசரிப் பதிவுகளைவிட இந்தப் பக்கங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். அன்றைய உடல்நிலையையும் ஒரு வரியில் குறியுங்கள். தூக்கமில்லாத வாரத்தில் எடுத்த முடிவுகள் தனியாகத் தெரியும்.

கேள்வி: மூன்று வாரமாக எழுதவில்லை. விட்ட நாட்களை நினைவுபடுத்தி எழுதிவிட்டுத் தொடரவா? என்ன நோட்டு, என்ன பேனா என்பதும் சொல்லுங்கள்.

நிரப்ப வேண்டாம். இன்றைய தேதியைப் போட்டு, இடையில் நடந்ததில் ஞாபகம் இருப்பதை ஐந்தாறு வரியில் எழுதி, “பின்னால் எழுதியது” என்று குறித்துவிட்டு மேலே போங்கள். பழைய தேதி போட்டு எழுதினால், எது அன்று எழுதியது, எது நினைவிலிருந்து எழுதியது என்று பிறகு பிரிக்கவே முடியாது. தேதி அச்சிட்ட டைரியில் வெற்றுப் பக்கங்கள் கண்ணை உறுத்தும், சிலர் எழுதுவதை விடுவதே அதனால்தான். சாதாரணக் கோடுபோட்ட நோட்டில் விடுபட்டதே தெரியாது. தேதியில் வருஷத்தை விடாமல் போடுங்கள்.

பேனாவில், நிறமி மை என்று போட்டிருப்பது நீரிலும் வெளிச்சத்திலும் அவ்வளவாக மங்காது. சாய மை நனைந்தால் பரவும். பென்சிலும் நல்லதே, தேய்க்காமல் வைத்தால் நெடுநாள் நிற்கும். ரசீதுகளையும் சீட்டுகளையும் ஒட்டிவைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பளபளப்பான வெப்ப அச்சுத் தாளில் வருகிற ரசீதுகள் சில வருஷங்களில் வெளுத்து வெறும் தாளாகிவிடும். ஒட்டுகிற அன்றே அதிலுள்ள தேதி, இடம், தொகை மூன்றையும் பக்கத்தில் கையால் எழுதிவிடுங்கள்.