தகரம் ஒழுகவில்லை, வியர்க்கிறது

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் வீட்டை ஒட்டித் தகரக் கூரையில் கார் ஷெட் போட்டிருக்கிறோம். மழையே இல்லாத தை மாதத்திலும் விடியற்காலையில் கார் மேல் தண்ணீர் சொட்டுகிறது. ஓட்டை அடைக்க இரண்டு முறை ஆள் வந்து போயாயிற்று. தரையும் காய்வதில்லை. என்ன வழி?

பதில்: மூன்றாம் முறை ஆளைக் கூப்பிடாதீர்கள். ஓட்டை என்றால் ஐப்பசி அடைமழையிலேயே ஒழுகியிருக்கும். மேகமில்லாத பனி இரவில் சொட்டினால் அது தகரத்தின் வியர்வை. தெளிந்த வானத்தின் கீழ் தகரம் தன் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். 25 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, 23 டிகிரித் தகரத்தில் பட்டாலே நீர் கோக்கும். கடலோரத்தில் இது தினப்படி சங்கதி.

கூரையின் அடிப்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டிய நுரை ஷீட்டைத் தகரத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டி, மூட்டுகளுக்கு டேப் போடுங்கள். தெர்மாகோல் பலகையைக் கீழே தொங்கவிடுவது வீண் செலவு. இடுக்கு வழியாக ஈரக்காற்று மேலே போய் அங்கேயும் வியர்க்கும், பலகை மேல் தண்ணீர் தேங்கும். வெள்ளை கூலிங் பெயின்ட் பகல் சூட்டுக்கு நல்லது, இரவுச் சொட்டுக்கு உதவாது.

தரைக்கு ஒரு சோதனை. இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். மேல்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். அடிப்பக்கம் முத்து முத்தாக இருந்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஓதத்தின் மேல் எபாக்சி என்கிற பிசின் பெயின்ட் பூசினால் உரிந்து வந்துவிடும். முதலில் கூரைத் தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் ஷெட் ஓரத்தில் தேங்காமல் வாய்க்கால் எடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் தரையைப் பெயர்த்து, அடியில் தடித்த பாலிதீன் விரித்துத்தான் கான்கிரீட் போட வேண்டும்.

கதவை இரவில் திறந்து வைத்துப் பயனில்லை, வெளிக்காற்றும் ஈரம்தான். வெயில் ஏறிய பிறகு திறங்கள். ஜன்னல் வைப்பதானால் மேற்குச் சுவரில் வையுங்கள், கடல் உப்பு நேரே வந்து படியாது. 75 சதவீத ஈரப்பதத்திலேயே உப்பு காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துத் தானே கசியத் தொடங்கும், துரு அங்கேதான் பிடிக்கும். அதனால் வாரம் ஒரு முறை காரின் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். கழுவுமுன் உங்கள் போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் நல்ல தண்ணீர்தான் பிடித்து வர வேண்டும்.