பழைய வீட்டைத் திருத்தி விற்கும்போது அளவுப் பட்டியல் எதற்கு?

அளவுப் பட்டியல் என்பது ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எழுதி, பக்கத்தில் அளவும் விலையும் போடும் தாள். கடைக்குக் கொடுத்துவிடும் சாமான் துண்டு மாதிரிதான். அது இல்லாமல் இரண்டு பேர் சொல்லும் விலையை ஒப்பிட முடியாது. ஒரு பாஸ் (மேசன்) ‘மொத்தமா’ சொன்ன தொகையில் பழைய பூச்சை உடைப்பது சேர்ந்திருக்கும், மற்றவருடையதில் இருக்காது.

12 அடிக்கு 10 அடிச் சுவர் 120 சதுர அடி. 3க்கு 7 அடிக் கதவைக் கழித்தால் 99, ஏறக்குறைய ஒரு சதுரம் (100 சதுர அடி). பூச்சுக் கூலியை இந்த அளவுக்குப் பேசுங்கள்.

மலையகத்தில், ஹட்டன், நுவரெலியா பக்கம் காசு கரைவது வேறு இடத்தில். மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்பக்க மண் உள்தரையை விட உயரமாக இருக்கும். ஈரம் சுவருக்குள் இறங்கும். கான் (தண்ணீர் வடியும் வாய்க்கால்) வெட்டாமல் பூசினால் அடுத்த மழைக்கே பெயின்ட் உப்பிக் கழன்றுவிடும். ஆகவே கான் வேலைதான் முதல் வரி. லொறி போகாத பாதையென்றால் மணல் தூக்கும் கூலி, ஒரு கியூபுக்கு (100 கன அடி) இவ்வளவு என்று, தனி வரி. கூரைத் தகரத்தைக் கழற்றும்வரை அடியிலுள்ள மரம் உக்கியது தெரியாது. இப்படி எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் 15 வீதமாவது ஒதுக்குங்கள். வேலை முடிய முடியக் காசு, கடைசி 10 வீதம் ஒரு நல்ல மழை பார்த்த பிறகு.

முழு வீட்டுக்கும் ‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்பது புது வீட்டுக் கணக்கு. திருத்த வேலைக்கும் அதுவே போதும் என்று பலர் நினைப்பது தவறு.