தேய்க்காத பல்

அன்புள்ள ஐயா,

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியனாக இருக்கிறேன். நான்-ஸ்டிக் பாத்திரத்துக்கான ரசாயனத்தின் ஆபத்தைக் கம்பெனிகள் பல வருடம் மறைத்தன என்று படித்தேன். எங்கள் வீட்டில் சீர்வரிசையில் வந்த நான்-ஸ்டிக் தோசைக்கல் ஒன்று இருக்கிறது. பூச்சு அங்கங்கே உரிந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டும் என்கிறார் மனைவி. குழந்தைக்குப் போடும் பவுடரையும் நிறுத்திவிட்டார். பாட்டி காலத்து இரும்புக் கல்லுக்குத் திரும்புவதுதான் வழியா? ஒன்று மட்டும் உறுதி, நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. எதையும் படித்துப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாட்டி காலத்துப் பெருமையை விடுங்கள். அந்தப் பாட்டிகளில் பலர் அடுப்புப் புகையில் இருமியே போனார்கள். பவுடர் பெரிய கதை, இன்னொரு நாள் பேசலாம். உங்கள் கடைசி இரண்டு வரிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

நான் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் காவி. குறுக்கே கோடு கோடாக, துருப்பிடித்த தகரம் மாதிரி. நான்காம் வகுப்பில் ஒரு வாத்தியார் தினமும் காலையில் வரிசையில் நிறுத்தி "ஈ" காட்டச் சொல்வார். கறை இருந்தால் உள்ளங்கையில் பிரம்படி. "பல்லு தேய்க்காத நாய்ங்களா" என்பார். என் அம்மா செங்கல்லைப் பொடித்துச் சலித்து, உப்பும் அடுப்புக்கரியும் கலந்து எனக்கும் அக்காவுக்கும் தேய்த்துவிடுவாள். ஈறு கிழிந்து எச்சில் சிவப்பாக விழும். மறுநாளும் அடி விழும். அம்மாவுக்குக் கெட்ட பெயர், "பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்".

கறை வந்தது எங்கள் கிணற்றுத் தண்ணீரிலிருந்து. பாறையிலிருந்து கரையும் ஃபுளோரைடு. ஈறுக்குள் பல் உருவாகும்போதே எனாமலைக் கெடுத்துவிடும். அப்புறம் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்குமாக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறக்கப்பட்டபோது, அந்தத் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் என்ற சொல் இருந்தது. ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுக்கும் நோய்க்கு அதுதான் பெயர். அதைப் பேப்பரில் படித்த அன்றுதான் எனக்கு அம்மாவின் செங்கல் பொடி ஞாபகம் வந்தது. அவள் அப்போது உயிரோடு இல்லை.

சரி, உங்கள் தோசைக்கல்லின் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவில் வில்பர் டெனன்ட் என்று ஒரு மாட்டுக்காரர். டெஃப்லான் என்ற நான்-ஸ்டிக் பூச்சைச் செய்த டூபான்ட் கம்பெனியின் கழிவுக்கிடங்கு அவர் நிலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து வரும் ஓடையில் நுரை மிதந்தது. அதில் தண்ணீர் குடித்த மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. 150க்கும் மேல் போயின. யாரும் காது கொடுக்காததால் அவரே செத்த மாட்டை அறுத்துப் பார்த்து வீடியோ எடுத்து வைத்தார். 1998இல் ராபர்ட் பிலாட் என்ற வக்கீலுக்குப் போன் செய்தார். வழக்கு வந்ததும், கம்பெனி தேர்ந்தெடுத்த மூன்று பேரும் அரசுத் துறை தேர்ந்தெடுத்த மூன்று பேருமாக ஆறு கால்நடை மருத்துவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். என்ன எழுதினார்கள் தெரியுமா? மாடுகளுக்குச் சரியான தீனி இல்லை, வைத்தியம் பார்க்கவில்லை, ஈ ஓட்டவில்லை. மாடு வளர்க்கத் தெரியாதவன் என்று பொருள்.

இதைப் படித்ததும் என் உள்ளங்கை எரிந்தது தம்பி. அதே பிரம்பு.

படித்துப் பார்க்கவில்லை என்கிறீர்களே, எதைப் படிப்பது? டெஃப்லான் செய்யப் பயன்பட்ட பிஎஃப்ஓஏ என்ற ரசாயனம் கர்ப்பத்திலிருக்கும் எலிக்குட்டிகளைப் பாதிக்கிறது என்று 1981இல் டூபான்டுக்குத் தகவல் வந்தது. தங்கள் ஆலையில் வேலை செய்த பெண்களுக்குப் பிறந்த 7 குழந்தைகளைப் பார்த்தார்கள். இரண்டுக்குக் கண்ணில் கோளாறு. வெளியே சொல்லவில்லை. 1984இல் அது ஊர்க் குடிநீரிலேயே கலந்திருப்பது தெரிந்தது. அதையும் சொல்லவில்லை. பிலாட் கோர்ட் உத்தரவு வாங்கிய பிறகுதான் 1,10,000 பக்கம் காகிதம் பெட்டி பெட்டியாக வந்தது. படிக்க வேண்டியது அந்தப் பெட்டிக்குள் இருந்தது தம்பி, தோசைக்கல்லின் அட்டையில் இல்லை. கடையில் பேரம் பேசி வாங்கிய உங்கள் மாமியார் எந்த எழுத்தைப் படித்திருக்க வேண்டும்? 2005இல் அரசு போட்ட அபராதம் 1.65 கோடி டாலர். அந்தக் கம்பெனிக்கு அது டீ செலவு.

எங்கள் பாறைக்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது.

(இரண்டிலும் ஃபுளோரின் இருக்கிறது என்பதற்காகக் கிணற்றுத் தண்ணீரும் டெஃப்லானும் ஒன்று என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். வேறு வேறு சரக்கு.)

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர் பல்லைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். நாலாவதாக வந்தவர் எங்கள் பக்கத்து ஊர். அவருக்கும் காவிப் பல், அதனால் முடிந்தது. இப்போது பல்செட் வைத்திருக்கிறாள், முத்து மாதிரி. சிரிப்பு வந்தால் இன்றும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொள்கிறாள். நீங்கள் ஆசிரியர் என்று எழுதியிருப்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வகுப்பிலும் காவிப் பல்லோடு நாலு பிள்ளைகள் இருக்கக்கூடும். அவர்கள் வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

தோசைக்கல் பற்றித்தானே கேட்டீர்கள்? அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் 2015க்குள் பிஎஃப்ஓஏவை விட்டுவிட்டன. உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். வெறும் கல்லை அடுப்பில் வைத்துக் காயவிடுவதுதான் தப்பு. ஆனாலும் உங்கள் வீட்டில் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் இருவரில் விஷயத்தைச் சரியாகப் படித்திருப்பவர் அவர்தான் என்று தோன்றுகிறது.

அன்புடன்.